யோசிக்காதம்மா

கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். என் இடது தோளுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். காலடிச் சத்தம் இல்லை, மூச்சுச் சத்தமும் இல்லை. ஆனால் ஒரு முழத் தூரத்தில் நிற்கிறார்கள் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. "ஒட்டிக்கிட்டு நிக்காதம்மா, தள்ளி நில்லு" என்று திரும்பாமலே சொன்னேன்.

வகுப்பு சட்டென்று அமைதியானது. திரும்பினேன். நாற்பது பெண்களும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "யாரைச் சொல்றீங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். அப்போது வயது நாற்பத்து நான்கு. கணவர் சேவியர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் ஷெரின் சிதம்பரத்தில் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு. அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அதுவரை எனக்குக் காய்ச்சல் என்றுகூடப் பெரிதாக விடுப்பு எடுத்ததில்லை.

மறுவாரம் அது மறுபடியும் வந்தது, சமையலறையில். தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். அதே இடம், அதே தூரம். அரை நிமிடம் இருக்கும். இம்முறை எனக்குப் பயம் வரவில்லை. யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

என் அம்மா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தாள். நான் சமைக்கும்போது பின்னால் வந்து நிற்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். உப்பு கூடிப்போனாலும் சொல்லமாட்டாள். பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அந்த நிற்பைத்தான் நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

கல்லறைத் திருநாள் அன்று அவள் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினேன். அங்கே எதுவுமே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் வாசலில் என் இடப்பக்கம் நின்றாள். சிரித்துவிட்டேன். "என்ன சிரிக்கிற?" என்றார் கணவர். ஒன்றுமில்லை என்றேன்.

இரண்டு மாதங்கள் நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். வலி இருந்தால் டாக்டரிடம் ஓடுவோம். எனக்கு வலி இல்லையே. இறந்துபோன அம்மா வாரத்துக்கு இரண்டு முறை வந்துபோனாள். அதற்கு எந்த டாக்டரைப் பார்ப்பது? பார்த்தால் அவள் போய்விடுவாளே என்ற பயமும் இருந்தது. அதை இப்போதுதான் எழுத முடிகிறது.

ஒரு மதியம் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். இம்முறை போகவில்லை. என் இடது கை தானாக மேலே எழுந்து உதறத் தொடங்கியது. அது என் கை என்றே தோன்றவில்லை. பக்கத்து மேசை ஆசிரியை என் பெயரைச் சொல்லிக் கத்தியது மட்டும் நினைவில் இருக்கிறது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நாக்கு கடிபட்டிருந்தது.

கடலூரில் முதலுதவி செய்துவிட்டு, நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். மகளும் அங்கே இருக்கிறாள் என்பதால் சிதம்பரத்துக்கே போனோம். எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தைக் கொண்டு உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் சோதனை) எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கத்தில், காதுக்குச் சற்று மேலே பின்னால், வெள்ளையாக ஒரு மங்கல். கட்டி என்றார்கள். கட்டி என்றால் ஏதோ உருண்டையாக, ஓரம் தெளிவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது தண்ணீரில் ஊற்றிய பால்போல் கலங்கிக் கிடந்தது.

மருத்துவர் லால்பேட்டைக்காரர். ஐம்பது வயதிருக்கும். படத்தைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஃபிட்ஸ் வர்றதுக்கு முன்னாடி வேற எதுனா இருந்துச்சா டீச்சர்? வாசனை எதுனா, சத்தம் எதுனா? பக்கத்துல யாரோ இருக்கிற மாதிரி?"

நான் கணவரைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "எங்கம்மா வருவாங்க டாக்டர்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். ரெண்டு மாசமா."

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மருத்துவர் ஒரு தாளை இழுத்து மூளையை வரைந்தார். நம் உடம்பு எங்கே நிற்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் இடம் அங்கே இருக்கிறதாம். கட்டி அந்த இடத்தை உசுப்பும்போது, கணக்கு ஒரு முழம் தள்ளிப்போகும். "நீங்க இருக்கிறதையே மூளை இன்னொரு ஆளா காட்டும் டீச்சர். வலது பக்க மூளை, அதனால இடது பக்கம் தெரியுது. ரொம்ப பேருக்கு இது வரும். பைத்தியம்னு சொல்லிடுவாங்களோன்னு வெளிய சொல்லமாட்டாங்க."

ஆக, பின்னால் நின்றது நானேதான். அதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகு நாளாயிற்று.

"ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"இது வருஷக்கணக்கா உள்ள இருக்கிற கட்டி. ரெண்டு மாசத்துல பெரிசா மாறியிருக்காது. ஆனா படிக்கட்டுல எறங்கறப்போ, ரோடு தாண்டறப்போ இந்த ஃபிட்ஸ் வந்திருந்தா? அதை நெனச்சுப் பாருங்க."

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படி ஏதாவது வந்துபோனால், அது எவ்வளவு இதமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம் நடந்தது என்று கணவர் சொன்னார். எனக்கு அது ஒரு கண்சிமிட்டல். முழுவதையும் எடுக்க முடியவில்லை. கைகால் அசைவுக்கான இடத்தை ஒட்டி ஒரு மெல்லிய படலத்தை விட்டுவைத்திருந்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. க்ளையோமா (நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் செல்களிலிருந்து கிளம்பும் கட்டி). மெதுவாக வளரும் வகை. ஆனால் நிற்கும் வகை இல்லை.

"ஐ.டி.ஹெச்.னு ஒரு புரதம்" என்றார் மருத்துவர். "எல்லா செல்லுலயும் இருக்கு. சாப்பாட்டுச் சத்தை எரிக்கிற வேலை அதுக்கு. உங்க கட்டியில அந்தப் புரதத்துல ஒரே ஒரு இடம் மாறிப்போயிருக்கு. அதனால அது வேற ஒரு பொருளைத் தயார் பண்ணுது. அந்தப் பொருள் ஜாஸ்தியாச்சுன்னா, செல்லு பக்குவமாகவே ஆகாது. சின்னப் புள்ளையாவே இருந்துக்கிட்டு பெருகிக்கிட்டே போவும்."

நான் சாப்பிட்டதாலா, கவலைப்பட்டதாலா என்று கேட்டேன். இரண்டும் இல்லை என்றார். பிறகு ஏன் வந்தது என்று கேட்டதற்கு, யாருக்கும் தெரியாது என்றார்.

நல்ல செல் எப்படி வளர்கிறது என்பதையும் அன்று விளக்கினார். செல்லின் மேல்புறத்தில் ஏற்பிகள் (வெளியிலிருந்து செய்தி வாங்கும் புரதங்கள்) இருக்கின்றன. 'வளர்' என்ற செய்தி அவற்றில் வந்து சேரும். அங்கிருந்து ஒரு புரதம் அடுத்த புரதத்திடம், அது அதற்கடுத்ததிடம் என்று கைமாறி உட்கருவரைக்கும் போகும். செல் இரண்டாகப் பிரியும். பிறகு 'போதும்' என்ற செய்தி வரும். கட்டியில் அந்த 'போதும்' எடுபடுவதில்லை. எனக்குத் துயரமாக இருந்தது என்னவென்றால், அதில் வெளியாள் யாரும் இல்லை. கிருமி இல்லை. எல்லாமே என் செல்கள், என் புரதங்கள்.

முப்பது நாள் கதிர்வீச்சு சிகிச்சை. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலைபோன்ற முகமூடியை மேசையோடு பொருத்தி, தலையை அசையவிடாமல் செய்வார்கள். அந்த நேரத்தில் அம்மா வரமாட்டாளா என்று காத்திருந்தேன். வரவில்லை. அறுவைக்குப் பிறகு ஒரு முறைகூட வரவில்லை. என் மண்டையைத் திறந்து அவளை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு நாள் கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் என் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். முதல் முறை அம்மா இறந்தபோது சொல்லிக்கொள்ள ஒரு நாள் இருந்தது, துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் முறைக்கு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஷெரின் மாறினாள்.

விடுதியைக் காலி செய்துவிட்டு, கடலூரிலிருந்தே ரயிலில் போய்வரத் தொடங்கியிருந்தாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். வலிப்பு மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துத் தருவாள். ஆனால் பேசமாட்டாள். கல்லூரியில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். செய்தித்தாள் என் கைக்கு வருவது நின்றது. தொலைக்காட்சி எப்போதும் அணைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பார்க்க வந்த எங்கள் தேவாலயத்துப் பங்கு மக்களை வாசலிலேயே நிறுத்தி, "அம்மா தூங்கறாங்க ஆன்ட்டி" என்று அனுப்பிவைத்தாள். நான் தூங்கவில்லை. சன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுடைய அப்பாவும் நானும் பேசினால்கூட, "போதும்ப்பா, விடு" என்பாள். வீடு முழுக்கச் சத்தம் குறைந்துகொண்டே போயிற்று. குக்கர் விசிலுக்கு அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்ததை நான் பார்த்தேன்.

நோயை மறைத்ததற்காக என்மேல் கோபம் என்று நினைத்தேன். எனக்கு அது நியாயமாகவும் பட்டது. அவளும் என்னிடம் ஏதோ ஒன்றை மறைக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மாலை பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, மூளை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு கணக்கைப் போடத் தொடங்கினேன். முக்கோணவியல். மூன்றாவது வரியில் தடுமாறி, பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஷெரின் கல்லூரியிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கினாள்.

"யோசிக்காதம்மா! தயவுசெஞ்சு யோசிக்காத!"

"என்னடி ஆச்சு உனக்கு?"

"நீ யோசிச்சா அது வளரும்மா."

பிறகு தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சொன்னாள். நூலகத்தில் படித்திருக்கிறாள். மூளையில் ஒரு நரம்பு செல் வேலை செய்யும்போது ஒரு புரதத்தை வெளியே விடுகிறது. பக்கத்திலிருக்கும் க்ளையோமா செல் அதைப் பிடித்துக்கொண்டு, அதையே 'வளர்' என்ற செய்தியாக எடுத்துக்கொள்கிறது. அதோடு விடவில்லை. நரம்பு செல்கள் தங்களுக்குள் செய்தி சொல்லிக்கொள்ளும் சினாப்ஸ் (இரண்டு செல்கள் செய்தி கைமாற்றும் சந்திப்பு) இருக்கிறதே, அதைப்போல் ஒன்றைக் கட்டி செல்களும் நரம்பு செல்களோடு போட்டுக்கொள்கின்றன.

"நீ பேசினா, கேட்டா, கோவப்பட்டா, எல்லாம் அதுக்கும் போவுதும்மா. நான் எதுனா சொல்லி நீ நெனச்சுக்கிட்டே இருந்தீன்னா… அதான் நான் பேசல."

நாலு மாதமாக என் மகள் என்னைப் பட்டினி போட்டிருக்கிறாள், கட்டியைப் பட்டினி போடுவதற்காக. இருபது வயதுப் பெண், ரயிலில் தனியாக உட்கார்ந்து, இன்று அம்மாவிடம் எதையெல்லாம் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

நான் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். ஆனால் எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. அடுத்து மருத்துவரைப் பார்க்கும் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் நான் யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.

கண்ணை மூடிப் படுத்திருப்பேன். மின்விசிறி சுற்றுவதை மனம் எண்ண ஆரம்பிக்கும். நிறுத்துவேன். நிறுத்தியதை நினைப்பேன். செபமாலையை எடுத்தால் மணிகளைக் கணக்கிடுவேன். சேவியரின் முகத்தைப் பார்த்தால் கல்யாணமான புதிதில் நாங்கள் போன இடங்கள் ஞாபகத்துக்கு வரும். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தலைக்குள் ஒன்று காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. நான் எதை நேசித்தாலும் அது ஒரு வாய் எடுத்துக்கொள்ளும். அம்மாவை நினைக்கும்போதுதான் மிகவும் பயந்தேன். அவள் வந்து நின்ற ஒவ்வொரு முறையும் நரம்புகள் எவ்வளவு துடித்திருக்கும்! அம்மா வந்துபோனதாக நான் மகிழ்ந்த அந்த அரை நிமிடங்களில் அது எவ்வளவு வாங்கிக்கொண்டிருக்கும்!

கட்டியைவிட அந்த ஒன்பது நாள்தான் என்னை அதிகம் உருக்குலைத்தது. இதை வாசிக்கும் யாராவது அதே அறையில் படுத்திருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

பத்தாம் நாள் மூவரும் சிதம்பரம் போனோம். ஷெரின் தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்திருந்தாள். மருத்துவர் பொறுமையாகப் புரட்டிப் படித்தார். சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ எழுதியிருக்கிறது உண்மைதான் பாப்பா" என்றார். "லேப்ல பார்த்திருக்காங்க. எலியில பார்த்திருக்காங்க, மனுசங்க கட்டியிலயும் பார்த்திருக்காங்க. அந்தத் தொடர்பை அறுக்கறதுக்கு மருந்து தேடிக்கிட்டிருக்காங்க. இன்னும் கைக்கு வரல."

"அப்ப நான் செஞ்சது சரிதானே சார்?"

"இல்ல." அவர் குறிப்பேட்டை மூடினார். "மூளை சும்மா இருக்கவே இருக்காது. தூங்கறப்பவும் செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டுதான் இருக்கும். அம்மாவை நீ இருட்டு ரூம்ல உக்காரவெச்சாலும் அது ஓயாது. பேசாம இருந்தா கட்டி வளராதுன்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லல. பேசினதால ஒருத்தருக்கு வளந்துச்சுன்னும் நான் பார்த்ததில்ல. ஃபிட்ஸ் வராம பாத்துக்கறது நம்ம கையில இருக்கு. அந்த மாத்திரையை நீ கரெக்டா குடுக்கிற. அதுக்கு மேல நீ காவல் காக்க வேண்டாம்."

ஷெரின் தலையைக் குனிந்துகொண்டாள். "நாலு மாசம் சார்" என்றாள்.

"என்ன நாலு மாசம்?"

"அம்மாகூட பேசாத நாலு மாசம்."

அவர் குறிப்பேட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னிடம், "டீச்சர், அம்மாவை நெனைக்கலாம். பயப்படாதீங்க" என்றார். நான் அதைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கவே இல்லை.

வெளியே வந்து தேர் நிற்கும் வீதியில் ஒரு கடையில் காபி குடித்தோம். ஷெரின் பேச ஆரம்பித்தாள். அவள் தோழிக்குக் கல்யாணம் நின்றுபோனது, ஆய்வகத்தில் ஒரு பையன் அமிலத்தைக் கொட்டிக்கொண்டது, பருவத் தேர்வில் ஒரு தாளில் அவள் தோற்றுப்போனது. நாலு மாதத்தையும் கொட்டினாள். காபி ஆறிவிட்டது. "ஃபெயிலா? எந்த பேப்பர்?" என்று நான் சத்தம்போட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேவியர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொள்கிற சாக்கில் எழுந்து கை கழுவப் போனார்.

அது நடந்து ஓர் ஆண்டு ஆகிறது. விட்டுவைத்த படலம் அப்படியே இருக்கிறது. நாலு மாதத்துக்கு ஒரு முறை படம் எடுக்கிறோம். "குணமாயிடுச்சா டீச்சர்?" என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. இல்லை என்றால் பயப்படுகிறார்கள். ஆமாம் என்றால் நான் பயப்படுகிறேன்.

பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். முன்பு என் நாள் நாற்பது நிமிடப் பாடவேளைகளாக இருந்தது. ஆண்டு, ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. இப்போது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் இருப்பதுதான் எனக்கு ஆண்டு. அதில் முதல் மாதம் அகலமாக இருக்கும். கடைசி மாதத்தில் நாட்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

உடம்பின் இடப்பாதி என்னிடமிருந்து சற்றுத் தள்ளிப்போய்விட்டது. வலி இல்லை, பலமும் பெரிதாகக் குறையவில்லை. பார்க்காவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. தட்டின் இடப்பக்கச் சோற்றை மிச்சம் வைத்துவிடுவேன். கதவு நிலையில் இடித்துக்கொள்வேன். சேலை முந்தானை இடது தோளில் இருக்கிறதா என்று கண்ணாடியில்தான் பார்த்து அறிய வேண்டும்.

சென்ற வாரம் படம் எடுத்துவிட்டு ஷெரினும் நானும் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். மாற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டிய பிறகு அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ம்மா, பெங்களூர்ல மேல்படிப்புக்கு இடம் கெடச்சிருக்கு. ரெண்டு வருஷம்."

இரண்டு வருடம். என் கணக்கில் ஆறு படங்கள். அதில் ஒவ்வொன்றும் வேறு மாதிரி வரலாம். அவள் அதையெல்லாம் கணக்குப் போட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

"போறியா?"

"போவட்டுமா?"

"போடி. அங்க இட்லிகூட சரியா கெடைக்காது" என்றேன். ஆலப்பாக்கம்வரை இட்லியைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு வந்தோம். விடுதியா, வீடெடுத்துத் தங்குவதா என்பதில் அவள் குரல் உயர்ந்தது. என் குரல் அதற்குமேல் உயர்ந்தது.

கடலூர் நெருங்கும்போது பையை எடுக்கலாம் என்று குனிந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. என் இடது கை அவள் மடியில் இருந்தது. அவள் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கமாக. எந்த ஊரிலிருந்து பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.